யாஹிமோவ் யுரேனியச் சுரங்கம்: போகும் முன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

நான் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் வேலை பார்க்கிறேன். இங்கிருந்து தெற்கே மலையைத் தாண்டினால் செக் நாடு. அங்கே யாஹிமோவ் என்ற சின்ன ஊரில் ஒரு பழைய யுரேனியச் சுரங்கத்தை மக்கள் உள்ளே போய்ப் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு தடவை போய்வந்தேன். போய்வந்ததைச் சொன்னதிலிருந்து ஊரில் அம்மா தொடங்கி அலுவலக நண்பர்கள் வரை எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது எங்கே இருக்கிறது? பேரே கேள்விப்பட்டதில்லையே.

செக் நாட்டின் வடமேற்கு மூலையில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன கார்லோவி வாரியிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். ஜெர்மன் எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒடுக்கமான பள்ளத்தாக்கு, அதில் ஏறிப்போகும் ஒரே நீளத் தெரு. ஊர் அவ்வளவுதான். இன்றைக்கு அங்கே 3,000 பேர்கூட இல்லை. ஆனால் 1530களில் ஏறக்குறைய 18,000 பேர் இருந்தார்கள்; பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) தலைநகர் பிராகாவுக்கு, அதாவது பிராக் நகரத்துக்கு, அடுத்த பெரிய ஊர் இதுதான். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் யோஆகிம்ஸ்டால், யோவாக்கிமின் பள்ளத்தாக்கு.

பேரைக் கேள்விப்பட்டதில்லை என்கிறீர்கள். ஆனால் இந்த ஊரின் பெயரிலிருந்து வந்த ஒரு சொல்லை நீங்கள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் இதைச் சொல்லுங்கள். கதிர்வீச்சு இருக்காதா? உடம்புக்கு ஒன்றும் ஆகாதா?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இந்த இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவற்றில் இது மிகச் சின்னது என்று இரண்டு தடவை போய்வந்த பிறகு நினைக்கிறேன்.

சரி, பதில். சுரங்கத்தில் கவலைப்பட வேண்டியது சுவரில் இருக்கும் யுரேனியத்தை விட, காற்றில் இருக்கும் ரேடான். யுரேனியம் மிக மிக மெதுவாகச் சிதைகிறது. அதில் பாதி கரைய 450 கோடி ஆண்டுகள் ஆகும். அந்தச் சிதைவின் வழியில் ரேடியம் வருகிறது, ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு வருகிறது. நிறமில்லை, மணமில்லை. பாறை இடுக்குகளிலிருந்து கசிந்து, காற்றோட்டம் இல்லாத குகைக்குள் தேங்கிவிடும். அது சிதையும்போது உண்டாகும் நுண்ணிய துகள்களை மூச்சோடு உள்ளே இழுத்தால் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கதிரை வீசும். புகைபிடித்தலுக்கு அடுத்து நுரையீரல் புற்றுநோய்க்கு ரேடான்தான் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆனால் எவ்வளவு ரேடான், எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் காற்றில் 1,000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ரேடான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் வேலையிடங்களுக்கு வைத்திருக்கும் 300 என்ற அளவை விட இது மூன்று மடங்குக்கும் மேல். அந்தக் காற்றில் ஒரு மணி நேரம் நின்றால் உடம்புக்குப் போவது சுமார் 7 மைக்ரோசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு வரும் 10 மணி நேர விமானப் பயணத்திலேயே 30 முதல் 50 மைக்ரோசீவர்ட் வரை விண்வெளியிலிருந்து வாங்கிக்கொண்டுதான் வந்து இறங்குகிறோம். உலகத்தில் சராசரியாக ஒரு மனிதர் சும்மா வாழ்ந்துகொண்டிருப்பதாலேயே ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவர்ட் வாங்குகிறார்.

இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிரை வீசும் தோரியம் இருக்கிறது, அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவருக்குப் பயம் தேவையில்லை. அதே காற்றில் நாளுக்கு எட்டு மணி நேரம், வருடக் கணக்கில், பாறைத் தூசியையும் சேர்த்து மூச்சில் இழுத்துக்கொண்டு வேலை செய்தவருக்கு அது உயிர் போகிற விஷயமாக இருந்தது.

உள்ளே என்னதான் பார்க்கலாம்?

பார்வையாளர்கள் போகும் இடத்துக்கு 'ஷ்டோலா எண் 1' என்று பெயர். ஷ்டோலா என்றால் மலைப் பக்கவாட்டில் நேராகக் குடைந்து போகும் சுரங்கப் பாதை. லிஃப்ட் கிடையாது, கீழே இறங்குவது கிடையாது, நடந்தே உள்ளே போகலாம். 1950களில், இந்தப் பக்கம் யுரேனியம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்காகக் குடைந்த பாதை இது. சில நூறு மீட்டர்தான். பிரமாண்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், இதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். பெரிய மண்டபங்கள் இல்லை, நிலத்தடி ஏரி இல்லை, படகு இல்லை.

ஹெல்மெட்டும் விளக்கும் கொடுப்பார்கள். கைடு இல்லாமல் உள்ளே போக முடியாது. வாசலில் நிற்கும்போதே சுரங்கத்திலிருந்து குளிர்ந்த காற்று காலைத் தடவிக்கொண்டு வரும். நாங்கள் போனது ஜூலை மாதம், வெளியே அரைக்கைச் சட்டை போடும் வெயில். உள்ளே பத்தடி வைத்ததும் மூச்சு புகையாகத் தெரிந்தது. காலுக்கடியில் குறுகலான தண்டவாளம், அதன் நடுவே ஓடும் தண்ணீர். பாறைச் சுவரில் துளைக்கருவி விட்ட அரைவட்டத் தடங்கள் அப்படியே இருக்கின்றன. விரலை வைத்துப் பார்த்தேன், கட்டைவிரல் உள்ளே உட்காருகிற அகலம். அந்தத் துளைகளில்தான் வெடிமருந்தை அடைத்து வெடிப்பார்கள். சில இடங்களில் மரத்தால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், தாது அள்ளும் இரும்புத் தள்ளுவண்டி நிற்கிறது.

பாதையின் கடைசிப் பக்கம் போனதும் கைடு எல்லாரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். மின்வெட்டு இருட்டெல்லாம் இருட்டே இல்லை என்று அப்போது தெரிந்தது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் கை இல்லை. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. அரை நிமிடம்தான் இருந்திருக்கும், பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டார். நான்தான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

யுரேனியம் இருட்டில் பச்சையாக ஒளிருமா?

ஒளிராது. இங்கே கிடைத்த முக்கியமான தாது பிட்ச்பிளெண்ட். கறுப்பு, தார் மாதிரி மினுமினுப்பு, கையளவுக் கல்லே எதிர்பார்த்ததை விடக் கனக்கும். இருட்டில் அது வெறும் கறுப்புக் கல்தான். புற ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக எரிவது யுரேனியம் கலந்த சில மஞ்சள் கனிமங்களும், யுரேனியக் கண்ணாடியும். பொஹீமியாவின் கண்ணாடிக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடியில் யுரேனியம் சேர்த்து மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தைக் கொண்டுவந்தார்கள். பகல் வெளிச்சத்தில் எலுமிச்சைச் சாறு நிறத்தில் ஒரு சின்னக் கிண்ணம். அதன் மேல் புற ஊதா விளக்கைப் பிடித்தால் உள்ளுக்குள் தீ வைத்த மாதிரி பச்சை. அந்த நிறத்துக்கான பொடி இந்த யாஹிமோவ் தாதுவிலிருந்து போனதுதான்.

ஆரம்பத்திலேயே யுரேனியத்துக்காகத் தோண்டினார்களா?

இல்லை, வெள்ளிக்காக. 1516இல் இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளி கிடைத்தது. ஷ்லிக் என்ற பிரபுக் குடும்பத்தின் நிலம் இது. சில ஆண்டுகளிலேயே நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்து ஊர் உண்டாகிவிட்டது.

வெள்ளி தோண்டிக்கொண்டு போகும்போது நடுவில் ஒரு கறுப்புக் கல் குறுக்கிடும். அது வந்தால் வெள்ளி ரேகை அங்கே முடிந்தது என்று அர்த்தம், அதனால் தொழிலாளர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஜெர்மன் மொழியில் 'பெஹ்' என்றால் கீல், துரதிர்ஷ்டம் என்றும் பொருள். பெஹ்பிளெண்ட என்று பெயர் வைத்துத் தூக்கிக் குப்பைமேட்டில் போட்டார்கள். முந்நூறு வருடம் குப்பையாகக் கிடந்த கல் அது.

1789இல் பெர்லினில் கிளாப்ரோத் என்ற வேதியியலாளர் இந்த மலைத்தொடரின் ஜெர்மன் பக்கத்திலிருந்து, யோஹான்கேயோர்கன்ஷ்டாட் என்ற ஊரிலிருந்து, வந்த அதே வகைக் கல்லை ஆராய்ந்து அதில் புதிய தனிமம் ஒன்று இருக்கிறது என்று அறிவித்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்திருந்த யுரேனஸ் கோளின் பெயரை அதற்கு வைத்தார். அப்போதும் அதனால் ஒரு பயனும் இல்லை. வெள்ளி வற்றிப்போய், ஊரும் வற்றிப்போய், 1850களில் இங்கே யுரேனிய நிறப்பொடி ஆலை தொடங்கிய பிறகுதான் குப்பைமேட்டுக் கல்லுக்கு விலை வந்தது.

இன்னொன்று. 1527 முதல் சில ஆண்டுகள் இந்த ஊருக்கு மருத்துவராக இருந்தவர் அக்ரிகோலா. சுரங்கத் தொழிலைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அவர் இறந்த மறு வருடம், 1556இல் வெளிவந்தது. அதில் ஓரிடத்தில் கார்பாத்திய மலைச் சுரங்கங்களைப் பற்றிச் சொல்லும்போது, தூசி நுரையீரலை அரித்து ஆண்கள் செத்துப்போவதால் ஏழு கணவர்களை அடுத்தடுத்து மணந்த பெண்கள் அங்கே இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். ரேடான் என்ற பெயர் வருவதற்கு 350 வருடங்களுக்கு முன்னால் எழுதியது. இந்த மலைத்தொடரின் இன்னொரு ஊரான ஷ்னேபெர்க்கில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வந்த 'மலைநோய்' நுரையீரல் கட்டிதான் என்று 1879இல் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். ஆக, மக்களுக்கு இது தெரியாமல் இல்லை. பேர்தான் தெரியவில்லை.

மேரி கியூரிக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

பாட நூலில் 'டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சி ரேடியத்தைப் பிரித்தார்' என்று படித்திருப்போம். அந்தத் தாது இங்கிருந்து போனதுதான். சரியாகச் சொன்னால் தாதுகூட இல்லை, நிறப்பொடிக்காக யுரேனியத்தை எடுத்த பிறகு ஆலைக்குப் பின்னால் காட்டில் கொட்டியிருந்த கழிவு. மேரியிடமும் பியேரிடமும் தாதுவை விலைக்கு வாங்கப் பணமில்லை. அப்போது இந்தப் பகுதி ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது, வியன்னா அறிவியலாளர்கள் எடுத்துச் சொன்னதால் அரசு முதல் டன் கழிவை இலவசமாகவே கொடுத்தது. மூட்டைகள் பாரிசில் வந்து இறங்கின. கழிவில் பைன் மர ஊசியிலைகள் கலந்து கிடந்தனவாம்.

1898இல் பொலோனியமும் ரேடியமும் இருப்பதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு ஓட்டைக் கொட்டகையில் காய்ச்சிக் காய்ச்சி, 1902இல் கையில் வந்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. 1925இல் மேரி இந்த ஊருக்கே நேரில் வந்தார்.

'டாலர்' என்ற சொல் இங்கிருந்து வந்தது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். இங்கே எடுத்த வெள்ளியில் 1520 வாக்கில் ஷ்லிக் குடும்பம் பெரிய நாணயங்களை அடித்தது. யோஆகிம்ஸ்டாலர் என்று பெயர். நீளமாக இருக்கிறதென்று 'டாலர்' என்று சுருக்கினார்கள். ஐரோப்பா முழுக்க அந்த நாணயம் போயிற்று, டச்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அமெரிக்கப் பணத்தின் பெயராயிற்று. நம் வீட்டில் சங்கிலியில் கோத்துப் போடும் பதக்கத்தையும் டாலர் என்றுதான் சொல்கிறோம். அம்மாவிடம் இதைச் சொன்னதும் கழுத்திலிருந்த முருகன் டாலரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது, சுரங்கம் பார்க்கப் போகிறவர்கள் அதையும் விட்டுவிடாதீர்கள்.

கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள் என்று படித்தேன். அது என்ன கதை?

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. சோவியத்துக்கு உடனே யுரேனியம் வேண்டும். அப்போது அவர்கள் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த பெயர்பெற்ற சுரங்கம் யாஹிமோவ். 1945 நவம்பர் 23இல் செக்கோஸ்லோவாக்கியாவுடன் ஒப்பந்தம் போட்டார்கள். இங்கே எடுக்கும் யுரேனியம் சோவியத்துக்கு. ஊரில் பெரும்பாலும் குடியிருந்தவர்கள் ஜெர்மன் மொழி பேசியவர்கள், போருக்குப் பிறகு அவர்களை நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள். வேலை தெரிந்த ஆள் இல்லை. முதலில் ஜெர்மன் போர்க் கைதிகளை இறக்கினார்கள். 1948இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்தது, அதற்கடுத்த ஆண்டிலிருந்து சொந்த நாட்டு அரசியல் கைதிகளையே கொண்டுவந்து நிரப்பினார்கள். விவசாயி, பாதிரியார், மாணவர், வேறு நாட்டில் ஹிட்லரை எதிர்த்துச் சண்டை போட்டுத் திரும்பிய ராணுவ வீரர் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள்.

ஊரைச் சுற்றி முள்வேலி போட்ட முகாம்கள். அவற்றின் பெயர்களைக் கேளுங்கள்: ஸ்வோர்னோஸ்ட் என்றால் ஒற்றுமை, ரோவ்னோஸ்ட் என்றால் சமத்துவம், ப்ராட்ர்ஸ்த்வி என்றால் சகோதரத்துவம். சுரங்கங்களுக்கு வைத்த பெயர்களையே முகாம்களுக்கும் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'முக்ல்'. 'ஒழித்துக்கட்டுவதற்காகக் குறிக்கப்பட்ட மனிதன்' என்ற செக் சொற்களின் முதலெழுத்துகள் அவை. எடுத்த தாதுவின் அளவைப் பொறுத்துத்தான் சோறு. அளவு குறைந்தால் சோறும் குறையும், சோறு குறைந்தால் அடுத்த நாள் அளவு இன்னும் குறையும். பாறையைக் காய்ந்த நிலையிலேயே துளையிடுவது, காற்றோட்டம் சரியில்லாதது, தாதுவை வெறுங்கையால் அள்ளுவது, அதே உடையோடு வந்து படுப்பது, இதெல்லாம் அன்றாடம். இது என்ன கல், உடம்புக்கு என்ன செய்யும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

எனக்கு மறக்கவே முடியாதது 'யாஹிமோவ் பஸ்'. சில முகாம்களிலிருந்து சுரங்கம் வரை கைதிகளை நடத்திப் போக வேண்டும். தப்பித்து ஓடக்கூடாது என்று வரிசைக்கு ஐந்து பேராக நெருக்கி நிற்கவைத்து, மொத்தக் கூட்டத்தையும் சுற்றி இரும்புக் கம்பிவடம் போட்டு இறுக்கிப் பூட்டுவார்கள். கட்டு மாதிரி. அப்படியே நடக்க வேண்டும், பனியிலும் ஏற்றத்திலும். நடுவில் ஒருவர் தடுக்கினால் எல்லாரும் சாய்வார்கள். அதைத்தான் பஸ் என்றார்கள்.

ஐஸ் ஹாக்கி பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. செக்கோஸ்லோவாக்கிய அணி 1947இலும் 1949இலும் உலகச் சாம்பியன். 1950 மார்ச்சில் லண்டனில் நடக்கவிருந்த போட்டிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் பயணத்தை நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து பிராகாவில் ஒரு மதுக்கடையில் கூடி ஆத்திரத்தில் கத்திக்கொண்டிருந்த வீரர்களைக் கைது செய்தார்கள், தேசத்துரோகம் என்று வழக்கு. கோல்கீப்பர் போஹுமில் மோத்ரிக்கு 15 வருடம், அன்றைக்கு அவர் அந்த மதுக்கடையில்கூட இல்லை. அவரை அனுப்பியது இந்த யுரேனியச் சுரங்கங்களுக்கு. 1955இல் மன்னிப்பில் வெளியே வந்தார், 1963இல் இறந்தார். 46 வயது. கோல் விழாமல் தடுப்பதில் உலகத்திலேயே சிறந்தவர்களில் ஒருவர் என்று பேரெடுத்திருந்த மனிதர்.

இந்தப் பகுதியில் யுரேனியம் எடுப்பது 1964இல் நின்றது.

'சாவுக் கோபுரம்' என்று ஒன்று இருக்கிறதாமே? சுரங்கத்துக்குள்ளேயா?

இல்லை, அது ஊருக்குக் கீழே, ஆஸ்ட்ரோவ் நகரத்தை ஒட்டி விக்மனோவ் என்ற இடத்தில். செங்கல்லால் கட்டிய உயரமான சிவப்புக் கோபுரம். சுற்றுவட்டாரச் சுரங்கங்களின் தாது எல்லாம் இங்கே வரும். கைதிகள் அதை நொறுக்கி, தரம் பிரித்து, இரும்புப் பீப்பாய்களில் அடைத்து சோவியத்துக்கு ரயிலேற்ற வேண்டும். சுரங்கத்திலாவது பாறைக்கு நடுவே கொஞ்சம்தான் தாது இருக்கும். இங்கே நாள் முழுக்கத் தூள் தூளாகத் தாது மட்டும்தான். முகக்கவசம்கூடக் கொடுக்கவில்லை. இங்கே வேலை பார்த்தவர்களில் பலர் நோயாளிகளாகித்தான் போனார்கள், பெயர் அதனால் வந்தது.

2019இல் இந்த மலைத்தொடரின் சுரங்கப் பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மொத்தம் 22 இடங்கள், 17 ஜெர்மனியில், 5 செக்கில். யாஹிமோவ் அந்த ஐந்தில் ஒன்று, இந்தக் கோபுரமும் தனியாக ஒன்று. வெள்ளியின் பெருமையோடு இதையும் மறைக்காமல் சேர்த்தார்களே, அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

நடக்கத் தெரிந்த, இருட்டுக்குப் பயப்படாத குழந்தை என்றால் போகலாம். எத்தனை வயதிலிருந்து விடுகிறார்கள் என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். கைக்குழந்தையோடு வேண்டாம், தரை வழுக்கும், கூரை சில இடங்களில் தாழ்வு. கர்ப்பமாக இருப்பவர்கள் இதை இன்னொரு தடவைக்குத் தள்ளிவைப்பது நல்லது என்பது என் கருத்து. கணக்குப்படி கதிர்வீச்சு குறைவுதான், ஆனாலும் இருட்டும் ஈரமும் வழுக்கலும் இருக்கிற இடத்துக்கு அந்த நேரத்தில் போக வேண்டிய அவசியம் என்ன? மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களும் வெளியிலேயே இருக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கைதிகளின் கதையைக் கொஞ்சமாவது முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். எங்களோடு வந்த ஒரு குடும்பத்தில் பத்து வயதுப் பையன் வழி முழுக்க 'நாம் இருட்டில் மின்னுவோமா' என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான், தப்பில்லை, குழந்தை. கம்பிவடம் கட்டிய படத்துக்கு முன்னால் வந்ததும் அவனாகவே நின்றுவிட்டான். 'இவங்க என்ன தப்பு செஞ்சாங்க' என்று அப்பாவிடம் கேட்டான். அப்பாவிடம் பதில் தயாராக இல்லை.

அங்கே ரேடான் தண்ணீரில் குளிப்பாட்டி மூட்டுவலி குணமாக்குகிறார்களாமே? அம்மாவை அழைத்துப் போகலாமா?

ஆமாம், அதே ஊரில்தான். 1906இலிருந்து ரேடான் நீர்ச் சிகிச்சை நடக்கிறது, 1912இல் கட்டிய ரேடியம் பேலஸ் என்ற ஹோட்டல் ஊரின் கீழ்ப் பக்கம் அரண்மனை மாதிரி நிற்கிறது. தண்ணீர் வருவது ஸ்வோர்னோஸ்ட் சுரங்கத்திலிருந்து, சுமார் 500 மீட்டர் ஆழத்திலிருந்து. ஐந்நூறு வருடத்துக்கு முன் வெள்ளிக்காகத் தோண்டிய சுரங்கம், இன்றைக்குத் தண்ணீருக்காகவே இயங்கிக்கொண்டிருக்கிறது.

மூட்டு, முதுகெலும்பு நோய்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்து, நாட்கணக்கு வைத்து, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் போலக் கொடுக்கும் சிகிச்சை இது. நீச்சல் குளம் என்று நினைத்துப் போகாதீர்கள். மேலே ரேடான் கெடுதல் என்று எழுதிவிட்டு இங்கே மருந்து என்கிறாயே என்று கேட்டால், வலி குறைந்தது என்று சொல்கிறவர்கள் நிறைய, குறைந்த அளவுக் கதிர்வீச்சு நல்லது செய்கிறது என்பதை ஏற்காத மருத்துவர்களும் நிறைய. உங்கள் அம்மாவின் உடம்பு தெரிந்த மருத்துவரிடம் கேட்காமல் அழைத்துப் போக வேண்டாம்.

ஞாபகத்துக்கு ஒரு கல் எடுத்து வரலாமா?

கூடாது. சுரங்கத்துக்குள்ளும் எடுக்கக் கூடாது, வெளியே குப்பைமேடுகளிலும் பொறுக்க வேண்டாம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் பெரிய தலைவலி. உண்மையான தாதுவை வீட்டில் வைத்தால் அது ரேடானை விட்டுக்கொண்டே இருக்கும். ஆசையாக இருந்தால் பழைய பொருட்கள் விற்கும் கடையில் யுரேனியக் கண்ணாடி வாங்குங்கள். அலமாரியில் வைத்துப் பார்ப்பதில் ஆபத்தில்லை, அதில் சாப்பிடவோ குடிக்கவோ மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

எப்படிப் போவது? என்ன எடுத்துப் போவது?

கார்லோவி வாரியிலிருந்து பஸ் இருக்கிறது. யாஹிமோவுக்கு இப்போது ரயில் கிடையாது, பக்கத்து நிலையம் ஆஸ்ட்ரோவ். ஜெர்மனியிலிருந்து காரில் வருகிறவர்கள் ஓபர்வீசன்டால் வழியாக எல்லையைத் தாண்டி போஷி தார் ஊரைக் கடந்து இறங்கலாம், வழி அழகோ அழகு. செங்கன் விசா போதும். பணம் செக் கொருனா.

சுரங்கம் திறந்திருக்கும் நாட்கள் பருவத்துக்கேற்ப மாறும், குளிர்காலத்தை நம்பிப் போகாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் நேரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், மொழியையும் சேர்த்துக் கேளுங்கள். விளக்கம் பெரும்பாலும் செக் மொழியில்தான். எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரிந்ததால் சமாளித்தேன். உடை: தடித்த ஸ்வெட்டர், பிடிமானமுள்ள காலணி. செருப்பு, சேலை இரண்டும் வேண்டாம், உள்ளே தண்ணீர் சொட்டும். சைவச் சாப்பாட்டுக்கு ஊரில் தேடி அலைய வேண்டியிருக்கும், கட்டுச்சோறு எடுத்துப் போய்விட்டோம், புளியோதரை அந்தக் குளிருக்கு அமிர்தம்.

இதே மாதிரி வேறு இடங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஜெர்மன் பக்கத்தில் ஷ்லேமா. கிழக்கு ஜெர்மனியில் விஸ்முட் நிறுவனம் 1946 முதல் 1990 வரை 2 லட்சம் டன்னுக்கும் மேல் யுரேனியம் எடுத்த சுரங்கங்களில் ஒரு பகுதியை அங்கே பார்க்கலாம். போலந்தில் கொவாரி, க்லெட்னோ. அளவில் ஷ்லேமா பெரிது. மனதை அழுத்துவதில் யாஹிமோவுக்குப் பக்கத்தில் எதுவும் வராது என்பது என் அனுபவம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்ப்பது?

காலையில் நாணயச்சாலை அருங்காட்சியகம். அங்கிருந்து தெருவிலேயே மேலே ஏறுங்கள். 16ஆம் நூற்றாண்டு வீடுகளின் கல் வாசற்படிகள், அவற்றில் சில வீடுகளில் யாருமே இல்லை, ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். போருக்குப் பிறகு நாட்டை விட்டு அனுப்பப்பட்ட ஜெர்மன் மொழிக்காரர்களின் வீடுகள் அவை. புனித யோவாக்கிம் ஆலயத்தைத் தாண்டி மேலே போனால் ஸ்வோர்னோஸ்ட் சுரங்கம், அதன் பக்கம் ஷ்டோலா எண் 1. சுரங்கம் பார்த்து முடித்ததும் பலர் காருக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். 'யாஹிமோவ் நரகம்' என்ற பெயரில் முகாம்கள் இருந்த இடங்களைச் சுற்றி நடைபாதை போட்டு, ஒவ்வோர் இடத்திலும் பலகை வைத்திருக்கிறார்கள். முழுக்க நடக்க அரை நாள் ஆகும். நேரமில்லை என்றால் ஸ்வோர்னோஸ்ட் முகாம் இருந்த மேட்டுக்காவது ஏறிவிடுங்கள். கைதிகள் வேலைக்கு ஏறி இறங்கிய செங்குத்துப் படிக்கட்டு அங்கேதான் இருந்தது. நாஜி முகாமின் பெயரைச் சொல்லி 'மவுத்ஹவுசன் படிகள்' என்றே அதை அழைத்தார்கள். இரண்டு பக்கமும் முள்வேலி, மேலே முகாம், கீழே சுரங்கம்.

நாங்கள் ஏறும்போது எதிரே ஒரு வயதான தம்பதி இறங்கிவந்தார்கள். அந்த அம்மா கையில் காட்டுப்பூக்கள் மீந்திருந்தன. எங்களைப் பார்த்து நின்று, அதில் இரண்டை எடுத்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, மேலே கையைக் காட்டிச் செக்கில் ஏதோ சொன்னார். மொழி புரியவில்லை. மேலே போனதும் அங்கிருந்த பலகையின் அடியில் அதே பூக்கள் கிடந்தன, எங்கள் இரண்டையும் அவற்றோடு வைத்துவிட்டு இறங்கினோம்.